வராதவரின் கணக்கு



ஒரு நிறுவனத்துக்குள் வாடிக்கையாளரை முதலில் நிறுத்தும் பண்பாட்டை வளர்ப்பது எப்படி என்பது எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள். இதைக் கேட்டதும் உங்களில் பலருக்கு வங்கிக் கிளைகளில் காந்தியடிகள் படத்தோடு மாட்டியிருக்கும் பலகை நினைவுக்கு வந்திருக்கும். வாடிக்கையாளரால்தான் நம் பிழைப்பு நடக்கிறது என்ற பொருளில் அமைந்த வாசகம் அது. பல பலகைகளில், 1890-இல் அவர் தென்னாப்பிரிக்காவில் பேசியது என்ற குறிப்பும் இருக்கும். 1890-இல் காந்தி லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். டர்பன் துறைமுகத்தில் அவர் வந்து இறங்கியது 1893 மே மாதத்தில்.

அந்த வாசகத்தின் கருத்தோடு எனக்குப் பிணக்கு ஏதும் இல்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளாக, இத்தனை கிளைகளில், தினமும் அதன் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் அந்த ஆண்டை ஒருமுறை நின்று யோசித்திருந்தால் பலகை மாறியிருக்கும். சுவரில் எழுதி மாட்டியதை உள்ளே இருப்பவர்கள் படிப்பதில்லை. அவர்கள் கவனமாகப் படிப்பது வேறு ஒன்றை. மாலையில் கிளை மேலாளர் மண்டல அலுவலகத்துக்கு அனுப்பும் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று எவ்வளவு டெபாசிட் வந்தது, எத்தனை காப்பீட்டு பாலிசி போட்டோம், எத்தனை கடன் வசூலானது என்று அதில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். பாஸ்புக்கில் பென்ஷன் வரவு போட வந்து, பிரிண்டர் ஓடவில்லை என்று கேட்டுத் திரும்பிப் போன முதியவருக்கு அதில் ஒரு கட்டம் கிடையாது. அவர் வந்ததும் போனதும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

ஒரு நிறுவனத்தின் பண்பாட்டை அறிய விரும்புகிறவர் அந்த அறிக்கையின் கட்டங்களைப் பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். எதை எண்ணுகிறார்கள், யார் பக்கம் நின்று எண்ணுகிறார்கள், எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்டதன்மேல் நடவடிக்கை எடுக்க யாருக்கு உரிமை இருக்கிறது என்ற மூன்றுக்குள் மற்றதெல்லாம் அடங்கிவிடும். இன்று நான் சொல்லப்போகும் நிகழ்வுகள் எல்லாமே இதைச் சுற்றியவைதான்.

முதலாவது ஐரோப்பாவில் நடந்தது. டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்திய ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் 1980-களின் தொடக்கத்தில் நட்டத்தில் இருந்தது. அப்போது அதன் பொறுப்புக்கு வந்தவர் யான் கார்ல்சன். தம் அனுபவங்களை அவர் பின்னர் புத்தகமாக எழுதினார். நிர்வாகக் கல்வியில் இன்றும் பேசப்படும் புத்தகம் அது. அதில் சரக்குப் பிரிவைப் பற்றி ஒரு சிறு பகுதி வருகிறது. அதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ அந்தப் புத்தகத்தின் உயிரே அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

அந்த நிறுவனத்தின் சரக்குப் பிரிவு தன் வேலையில் பெருமை கொண்டிருந்தது. விமானத்தின் அடிவயிறு எவ்வளவு நிரம்பியது, பொட்டலமும் அதற்கான தாளும் வழியில் பிரிந்துவிடாமல் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தனவா என்று ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் எல்லாம் நன்றாகவே இருந்தது. பிறகு ஒரு சோதனை செய்தார்கள். ஐரோப்பாவின் பல ஊர்களில் உள்ள முகவரிகளுக்கு 100 பொட்டலங்களை அனுப்பி, அவை என்றைக்குக் கைக்கு வந்தன என்று வாங்குகிறவர்களிடமே கேட்டார்கள். மறுநாளே சேர்ந்திருக்க வேண்டியவை அவை. சராசரியாக 4 நாள் தாமதம் என்று தெரியவந்தது.

அங்கே எவரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. சோம்பேறிகளும் இல்லை. நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்போம் என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, விமானம் நிரம்பியதா என்று தங்களுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பொட்டலம் கோடவுனில் மூன்று நாள் கிடந்தாலும், தாளோடு சேர்ந்து கிடந்தவரை கணக்கில் அது வெற்றிதான். மறுமுனையில் காத்திருந்தவர் கணக்குக்கு வெளியே இருந்தார். அந்த 100 பொட்டலங்கள் கணக்கெடுக்கும் இடத்தை அனுப்புகிறவரின் மேசையிலிருந்து வாங்குகிறவரின் வாசலுக்கு மாற்றின. பல லட்சம் செலவழித்து ஆலோசகர்களை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதை ஒரு தபால் செலவில் கண்டுபிடித்தார்கள்.

அதே புத்தகத்தில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. ஓர் அமெரிக்கத் தொழிலதிபர் ஸ்டாக்ஹோம் விமான நிலையத்துக்கு வந்த பிறகு, டிக்கெட்டை ஓட்டல் அறையில் மறந்துவிட்டதை உணர்கிறார். அந்தக் காலத்தில் காகித டிக்கெட் இல்லாமல் ஏற முடியாது. கவுண்ட்டரில் இருந்த பெண் ஊழியர் அவரிடம் அறை எண்ணைக் கேட்டுக்கொண்டு, தற்காலிக டிக்கெட்டும் போர்டிங் அட்டையும் கொடுத்து அனுப்பிவைத்தார். ஓட்டலுக்குத் தொலைபேசியில் பேசி, டிக்கெட்டை எடுத்துவர வண்டியும் அனுப்பினார். விமானம் புறப்படும் முன்பே டிக்கெட் அவர் கைக்கு வந்துவிட்டது. கதை கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணின் நல்ல மனத்தை மட்டும் பாராட்டிவிட்டு நகர்ந்தால் விஷயம் கைநழுவிப் போகும். நம் ஊரில் எந்த கவுண்ட்டரிலும் நல்ல மனம் படைத்தவர்கள் இருக்கிறார்கள். "எனக்குப் புரியுதுங்க, ஆனா எங்க கையில ஒண்ணும் இல்லைங்க" என்று அவர்கள் வருத்தத்தோடு சொல்வதை நாம் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறோம். அந்த ஸ்டாக்ஹோம் ஊழியருக்கு யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் உரிமையும், வண்டிச் செலவை யாரும் பின்னர் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற உறுதியும் இருந்தன. அவற்றைக் கொடுத்தது நிர்வாகம். கார்ல்சனின் கணக்குப்படி ஓராண்டில் 1 கோடிப் பயணிகள். ஒவ்வொருவரும் சுமார் 5 ஊழியர்களை, ஒவ்வொரு முறையும் சராசரியாக 15 விநாடி சந்திக்கிறார்கள். 15 விநாடிக்குள் மேலதிகாரியைக் கேட்டுவர எவராலும் முடியாது. அந்த இடத்திலேயே முடிவு எடுக்கப்படுகிறது, இல்லையென்றால் எடுக்கப்படாமலே போகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இப்போது எல்லா நிறுவனமும் வாடிக்கையாளரைத்தானே கேட்கிறது, நட்சத்திரம் போடச் சொல்கிறது, மதிப்பெண் கேட்கிறது, அது வாடிக்கையாளர் பக்கம் நின்று எடுக்கும் கணக்கு இல்லையா என்று கேட்பீர்கள்.

வண்டியை சர்வீஸுக்கு விட்டவர்களுக்கு இதற்கு விடை தெரியும். சாவியைக் கொடுக்கும்போது சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "சார், கம்பெனியிலேர்ந்து போன் வரும். பத்துக்குப் பத்து சொல்லிடுங்க சார். ஒன்பது சொன்னாக்கூட எங்களுக்கு இன்சென்டிவ் கட் ஆயிடும்." நாமும் பிரேக்கில் இன்னும் சத்தம் வருகிறது என்பதைச் சொல்லாமல், அந்த மனிதரின் சம்பளத்தை எண்ணிப் பத்து என்று சொல்லிவிடுகிறோம். பரிந்துரைப்பீர்களா என்ற ஒரே கேள்வியைக் கேட்டு 0 முதல் 10 வரை மதிப்பெண் வாங்கும் இந்த முறையை 2003-இல் பிரெட் ரெய்க்ஹெல்ட் எழுதிய கட்டுரை உலகெங்கும் பரப்பியது. நிறுவனம் தன்னைத் திருத்திக்கொள்ள ஒரு கண்ணாடியாக அது நினைக்கப்பட்டது. ஊழியரின் ஊதியத்தோடு அதைக் கட்டிய நாளிலேயே அது கெட்டது. இப்போது தலைமை அலுவலகத்தில் பத்துக்குப் பத்து என்று வரைபடம் ஏறிக்கொண்டே போகிறது. பிரேக் சத்தம் சாலையில் போய்க்கொண்டிருக்கிறது. புகார் எண் கொடுத்து, அன்று மாலையே "தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி அனுப்பும் பழக்கமும் இதே வகைதான். எத்தனை மணி நேரத்தில் புகாரை மூடினோம் என்று எண்ணினால், ஊழியர் புகாரை மூடுவார். குறையைத் தீர்ப்பது அவருக்கு இரண்டாவது வேலையாகிவிடும்.

இந்தப் பாதையில் கடைசிவரை நடந்துபோன நிறுவனம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 1852-இல் தொடங்கியது. குதிரைவண்டிச் சின்னத்தால் அந்நாட்டு மக்கள் மனத்தில் நம்பிக்கையின் பெயராக நின்ற வங்கி. வாடிக்கையாளருக்கு எது சரியோ அதைச் செய்வோம் என்ற கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் கையேட்டை அது தன் ஊழியர்களுக்குக் கொடுத்து வந்தது. அந்தக் கையேட்டை எழுதியவர்கள் பொய்யாக எழுதினார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கிளைகளுக்குப் போன இலக்கு வேறொன்று. ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பத்திடமும் 8 கணக்குகளோ சேவைகளோ இருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு 8 வங்கிச் சேவை எதற்கு என்று எந்த வாடிக்கையாளரையும் கேட்டு அந்த எண் வரவில்லை. ஆங்கிலத்தில் எட்டு என்பதும் சிறப்பு என்பதும் எதுகையாக ஒலிக்கும். அதை முழக்கமாக்கி வைத்திருந்தார்கள்.

நாள் இலக்கு முடியாமல் வீட்டுக்குப் போக முடியாத ஊழியர்கள் முதலில் அம்மா, தம்பி, அக்கம்பக்கத்தார் பெயர்களில் கணக்குத் திறந்தார்கள். அது தீர்ந்ததும் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பெயரில் கணக்கும் கடன் அட்டையும் திறக்க ஆரம்பித்தார்கள். 2013 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் இதை எழுதியது. 2016 செப்டம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் 18.5 கோடி டாலர் அபராதம் விதித்தன. ஏறத்தாழ 20 லட்சம் போலிக் கணக்குகள் என்று முதலில் சொன்னார்கள். பின்னர் அது 35 லட்சம் வரை இருக்கலாம் என்று வங்கியே ஒப்புக்கொண்டது. வேலை நீக்கப்பட்டவர்கள் 5,300 பேர். தலைவர் ஜான் ஸ்டம்ப் பதவி விலகினார். 2020-இல் அமெரிக்க அரசோடு 300 கோடி டாலருக்கு உடன்பாடு செய்து வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

இதில் வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய எண் இன்னொன்று. போலிக் கணக்குகளால் வாடிக்கையாளர்களிடமிருந்து பிடித்த கட்டணம் என்று முதலில் வங்கி திருப்பிக் கொடுத்த தொகை சுமார் 26 லட்சம் டாலர். அவ்வளவு பெரிய வங்கிக்கு அது ஒன்றுமே இல்லை. கொள்ளையடிக்க வேண்டும் என்று இதை யாரும் திட்டமிடவில்லை என்பதற்கு அந்தத் தொகையே சாட்சி. கணக்குகளின் எண்ணிக்கையை வாடிக்கையாளரின் அன்பு என்று மேலே இருந்தவர்கள் படித்தார்கள். ஒருவர் 6 சேவை வைத்திருந்தால் நம்மை அவ்வளவு நம்புகிறார் என்று பங்குதாரர்களிடம் சொன்னார்கள். அந்த 6 சேவையும் வேண்டுமா என்று அந்த ஒருவரைப் போய்ப் பார்த்துக் கேட்டவர் இல்லை. 5,300 பேரை நீக்கியபோது ஒழுக்கக்கேடான ஊழியர்கள் என்று முதலில் அவர்கள்மேல்தான் பழி போடப்பட்டது. ஒரே நிறுவனத்தில் 5,300 பேர் ஒரே மாதிரித் தவறினால், அந்தத் தவற்றை உண்டாக்கும் எந்திரம் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்று பொருள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்த உரையில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்புவது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிப் பேசத்தான். இதை ஹார்வர்டில் பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். 1993-இல் கஸ்தூரி ரங்கன் எழுதிய ஆய்வு அது. சி.கே. பிரகலாதும் தம் புத்தகத்தில் எழுதினார். பெரும்பாலும் இந்தப் பேச்சுகள் அறுவை அரங்கின் வேகத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த வேகமும் வியப்புக்குரியதுதான். ஒரு மருத்துவருக்கு அருகருகே இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போது அடுத்ததில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற இளம்பெண்கள் மற்ற எல்லா வேலைகளையும் பார்த்துக்கொள்வதால், மருத்துவர் தம் கை மட்டுமே செய்யக்கூடியதைச் செய்கிறார். ஓர் அறுவை மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 கண்புரை அறுவை செய்ய இதனால் முடிகிறது.

ஆனால் அரவிந்தை அரவிந்தாக்கியது அரங்கத்துக்கு வெளியே நடந்தது.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918-இல் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்தில் பிறந்தவர். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தார். முப்பது வயதில் முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கியது. பேறுகால மருத்துவராக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு, அந்த விரல்களால் கண் அறுவை செய்யப் பழகிக்கொண்டார். மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவை நடத்தி, 1976-இல் 58 வயதில் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு தம்பி, தங்கைகளையும் அவர்களின் துணைவர்களையும் சேர்த்துக்கொண்டு 11 படுக்கையோடு மருத்துவமனையைத் தொடங்கினார். காசு கொடுப்பவர், கொடுக்க முடியாதவர் இருவருக்கும் ஒரே மருத்துவர்கள், ஒரே அறுவை. அறையும் படுக்கையும்தான் மாறும். பணம் கட்டுவதா, கட்டாமல் இருப்பதா என்பதை நோயாளியே தீர்மானித்துக்கொள்ளலாம். வருமானச் சான்று யாரும் கேட்பதில்லை.

கிராமங்களில் முகாம் நடத்தினார்கள். புரை முற்றியவர்களைக் கண்டறிந்து, மதுரைக்கு வாருங்கள், இலவசமாக அறுவை செய்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். மிகப் பலர் வரவில்லை. இலவசம் என்று சொல்லியும், பார்வை கிடைக்கும் என்று சொல்லியும் வரவில்லை.

இந்த இடத்தில் எந்த நிறுவனத்துக்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கும். படிக்காத ஜனங்கள், பயம், அறியாமை, நாம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம். வந்தவர்களை வைத்து ஆண்டறிக்கை எழுதினால் அது அழகாகவே இருந்திருக்கும். அரவிந்த் வராதவர்களின் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டது. பஸ்ஸுக்குக் காசில்லை. மதுரையில் எங்கே தங்குவது, யார் சோறு போடுவார்கள்? கண் தெரியாத கிழவியைக் கூட்டிக்கொண்டு போக மகனோ மருமகளோ வேலையை விட்டு வர வேண்டும். அவர்கள் கூலி போகும். இலவச அறுவை என்று மருத்துவமனை சொன்னதை, பல நாள் கூலியைத் தின்னும் பயணம் என்று அந்தக் குடும்பம் கேட்டிருக்கிறது. இரண்டுமே உண்மை. மருத்துவமனையின் கணக்குப்படி விலை பூஜ்யம். கிழவியின் கணக்குப்படி அது பெரிய செலவு.

அதன்பிறகு முகாமின் வடிவமே மாறியது. அறுவை தேவைப்பட்டவர்களை அன்று மாலையே மருத்துவமனை வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். சாப்பாடு, தங்குமிடம், திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாம் மருத்துவமனைப் பொறுப்பு. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே வண்டியில் போவதால் துணைக்கு ஆள் வேண்டியதில்லை, பயமும் குறைந்தது. கண்ணாடியிலும் இதுவே நடந்தது. சீட்டு எழுதிக் கொடுத்தால் டவுனுக்குப் போய் வாங்குகிறவர்கள் சிலரே என்று தெரிந்ததும், லென்ஸையும் பிரேமையும் முகாமுக்கே கொண்டுபோய், பெரும்பாலோருக்கு அங்கேயே வெட்டி மாட்டிக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

பிறகு லென்ஸ். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் 1980-களின் இறுதியில் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒன்றின் விலை 100 டாலர் அளவில். பணம் கட்டியவர்களுக்கு அது கிடைத்தது. இலவசமாக வந்தவர்களில் பலர் புரையை எடுத்துக்கொண்டு, பழைய தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியோடு ஊர் திரும்பினார்கள். ஒரே அறுவை என்ற வாக்கு அங்கே உடைந்தது. 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்தார்கள். விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னர் இன்னும் குறைந்தது. இன்று அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. சந்தையை ஆய்வு செய்து ஏற்றுமதித் திட்டம் போட்டு உருவான தொழிற்சாலை இல்லை அது. இலவசப் பிரிவில் படுத்திருந்தவருக்கும் கட்டணப் பிரிவில் இருந்தவருக்கும் நடுவே வந்த ஒரு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் பிறந்தது.

இவ்வளவும் செய்த பிறகு, தாங்கள் மக்களை எட்டிவிட்டோமா என்று மறுபடியும் கேட்டுக்கொண்டார்கள். முகாம்களில் கூட்டம் அலைமோதியது. முகாமை எண்ணினால் பெருமைப்படலாம். ஆய்வாளர்கள் முகாமை விட்டுவிட்டு, முகாம் நடந்த ஊர்களின் வீடுகளை எண்ணினார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது இது: கண் மருத்துவம் தேவைப்பட்டவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 7 சதவீதம்.

ஊர் முழுவதும் மைக் கட்டி அறிவித்து, இலவசமாக, வண்டி வைத்து, சோறு போட்டு நடத்தியும் 7 சதவீதம். இந்த எண்ணைத் தானே தேடிப் போய்க் கண்டுபிடித்து, உலகம் படிக்க வெளியிட அனுமதித்த நிறுவனத்தின்மேல் எனக்கு வரும் மரியாதை, அது பெற்ற பரிசுகளைப் பற்றிக் கேட்டு வருவதைவிடப் பெரியது. தன் கவுண்ட்டருக்கு வந்தவர்களிடம் திருப்தியா என்று கேட்டுத் திருப்தியடையும் நிறுவனங்கள் நடுவில், வராத 93 பேரைத் தேடிப் போனது அது.

அங்கிருந்துதான் பார்வை மையங்கள் வந்தன. 2004-ஐ ஒட்டித் தொடங்கிய ஏற்பாடு. சிறு ஊரில் ஒரு வாடகைக் கட்டடம். பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைச் சோதிப்பார். படத்தையும் விவரத்தையும் கணினி வழியே தலைமை மருத்துவமனையில் உள்ள மருத்துவருக்கு அனுப்புவார். மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசுவார். கண்ணாடி அங்கேயே கிடைக்கும். வருகிறவர்களில் பெரும்பாலோர் பயணம் போகாமலே வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விடலாம். தேனிப் பக்கம் இணைய வசதி சரியாக இல்லாத காலத்தில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து ஆய்வாளர்கள் நெடுந்தூரம் எட்டும் கம்பியில்லா இணைப்பை அமைத்துத் தந்தார்கள். இன்று இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை வரும் முகாம் எப்போதும் திறந்திருக்கும் கதவாக மாறியது.

அரவிந்த் ஓர் அறக்கட்டளை, வியாபாரத்துக்கு இது பொருந்தாது என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டணம் கட்டும் நோயாளிகளின் வருமானத்தில்தான் அது தன் அன்றாடச் செலவை நடத்திக்கொண்டு, மீதத்தில் தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி, சென்னை என்று விரிந்திருக்கிறது. காசு கட்டுபவர் அங்கே போவது தருமத்துக்காக இல்லை. வேலை நன்றாக இருப்பதால். ஒவ்வொரு மருத்துவர் செய்த அறுவையிலும் எத்தனையில் சிக்கல் வந்தது என்று பெயர்வாரியாகக் கணக்கு வைத்துப் பார்க்கிறார்கள். ஊதியத்தை வெட்ட இல்லை, கையைத் திருத்திக்கொள்ள. பத்துக்குப் பத்து கேட்கும் சர்வீஸ் சென்டரும் எண்ணுகிறது, இவர்களும் எண்ணுகிறார்கள். எண்ணை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில் எவ்வளவு தூரம் பாருங்கள்.

வாடிக்கையாளர் கேட்டதெல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. புரை முற்றாதவர் அறுவை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நல்ல மருத்துவர் செய்ய மாட்டார். சுரண்டும் வாடிக்கையாளர், ஊழியரை வாய்க்கு வந்தபடி பேசும் வாடிக்கையாளர் உண்டு. அவரிடமிருந்து ஊழியரைக் காப்பதும் நிர்வாகத்தின் கடமை. இங்கே நம் ஊர் ஜவுளிக் கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் இடம் தரவில்லை. வாசலில் பன்னீர் தெளித்து, காபி கொடுத்து, முகம் கோணாமல் நூறு சேலை விரித்துக் காட்டும் கடைகள் அவை. விரித்துக் காட்டும் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே இருந்தார்கள். கூட்டம் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி எல்லா ஊழியருக்கும் இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. கேரளம் அதற்கு முன்பே செய்திருந்தது. உட்கார ஒரு முக்காலி கொடுக்கச் சட்டம் தேவைப்பட்டது என்பது நம் வணிக உலகம் வெட்கப்பட வேண்டிய செய்தி. கால் வீங்கி நிற்கும் பெண்ணிடம் எந்த வாடிக்கையாளர் பண்பாட்டைப் பயிற்றுவிக்கப் போகிறோம்? ஜப்பானியத் தர இயக்கத்தின் முன்னோடி இஷிகாவா, தொழிற்சாலையில் அடுத்த கட்ட வேலையைச் செய்கிறவரும் உன் வாடிக்கையாளர்தான் என்று கற்றுக்கொடுத்தார். முதலாளிக்கும் மேலாளருக்கும் அந்தப் பட்டியலில் முதல் பெயர் தங்கள் கடை ஊழியருடையது.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோளை வைத்து முடிக்கிறேன். உங்களில் பலர் இறுதியாண்டில் வாடிக்கையாளர் திருப்தி பற்றித்தான் திட்ட அறிக்கை எழுதப்போகிறீர்கள். ஏதாவது ஒரு கடை அல்லது கம்பெனி. நூறோ நூற்றிருபதோ பேரிடம் வினாத்தாள். மிகவும் திருப்தி, திருப்தி என்று ஐந்து கட்டம். கடைசியில் ஒரு கை-வர்க்கச் சோதனை. உங்கள் மாதிரியில் இருப்பவர்கள் எல்லோரும் அந்தக் கடைக்குள் நீங்கள் பார்த்தவர்கள். அதாவது, இன்னும் வந்துகொண்டிருப்பவர்கள்.

இந்த ஆண்டு ஒருவராவது மாற்றிச் செய்யுங்கள். வினாத்தாளைக் கடை வாசலில் நீட்டாமல், அந்தக் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் போய் வீடு வீடாகக் கேளுங்கள். முன்பு அங்கே வாங்கி இப்போது வாங்காதவர் யார், ஒருமுறைகூட உள்ளே நுழையாதவர் யார் என்று கண்டுபிடியுங்கள். வாசற்படி உயரமாக இருப்பதால் ஏற முடியாதவர், கடன் நோட்டை நிறுத்தியதால் வேறு கடைக்குப் போனவர், ஆங்கிலத்தில் மட்டுமே வரும் செயலியில் ஆர்டர் போடத் தெரியாதவர், ஒரு நாள் பில்லில் ஏற்பட்ட தவற்றைச் சொன்னபோது யாரும் காது கொடுக்காததால் திரும்பியே வராதவர் எல்லாம் அங்கே இருப்பார்கள். முப்பது பேர் போதும். ஐந்து கட்டம் வேண்டாம். அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதைக் கடைக்காரரிடம் எடுத்துக்கொண்டு போய், இதில் எதையாவது மாற்ற உங்கள் கவுண்ட்டரில் இருக்கும் பையனுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று கேட்டு, அவர் சொன்ன பதிலையும் அறிக்கையில் சேருங்கள். துறைத் தலைவர் அவர்களும் வழிகாட்டிப் பேராசிரியர்களும் இதைத் திட்ட அறிக்கையாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். அப்படி எழுதப்படும் அறிக்கை எதுவாக இருந்தாலும் அதைப் படித்துப் பார்க்கவும், எழுதியவரோடு உட்கார்ந்து பேசவும் நான் இந்தக் கல்லூரிக்கு மறுபடி வருகிறேன்.